பேரு மட்டும் சொல்லல

உக்காருங்க அண்ணாச்சி. அந்த முனையில வேண்டாம், பெஞ்சு ஆடும். இப்படி என் பக்கமா வாங்க. கையில என்ன, தீக்காயமா? எண்ணெயா. பலகாரக் கடை வச்சிருக்கீங்களோ? சரி சரி. எண்ணெய்க் காயத்துக்கு இங்க நல்லாப் பாப்பாவ, பயப்படாதீங்க. டோக்கன் எத்தனை? பன்னெண்டா. அப்ப எனக்கு அடுத்து நீங்கதான். எட்டு, ஒம்பது, பத்து, மூணு பேரையும் ஒண்ணா உள்ள உக்கார வச்சிருக்கா. அவ நிதானமாத்தான் கட்டுவா. முக்கா மணி நேரம் ஆகும்னு வச்சுக்கிடுங்க.

எந்த ஊரு நீங்க? அப்ப வெளியூரு. நல்லதாப் போச்சு. உள்ளூர்க்காரர்கிட்ட சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு என் நெஞ்சுல கிடக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க முகத்தப் பாத்ததும் சொல்லலாம்னு தோணுது. இன்னைக்குச் சொல்லாம வேற என்னைக்குச் சொல்லப் போறேன்.

என் பேரு ஞானசிகாமணி. ஆனா உபதேசியார்னு சொன்னாத்தான் எங்க ஊர்ல தெரியும். நீங்க கோயிலுக்குப் போறவுகளா, எங்க கோயிலு? இல்லையா. அப்ப விளக்கியே சொல்லுதேன். குருவானவருக்குப் பதினாலு ஊரு. எங்க ஊருக்கு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. மத்த ஞாயிறெல்லாம் பிரசங்கம் உபதேசியாருது. முப்பத்தொரு வருஷம் நான் பிரசங்கம் பண்ணியிருக்கேன். குரல் அப்படி. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேக்கும். இப்பவும் பாருங்க, மெதுவாத்தான் பேசுதேன், அந்த மருந்துக் கவுண்டர்ல நிக்கிற பிள்ள திரும்பிப் பாக்கா.

கால் என்னன்னு பாக்கீங்களா. இது சுகர்க் கால். செருப்புக்குள்ள ஒரு பொத்தான் கிடந்திருக்கு, சட்டைப் பொத்தான். அது தெரியாம ஒரு நாள் பூரா பதினேழு வீடு ஏறி இறங்கி ஜெபம் பண்ணிட்டு வந்திருக்கேன். சாயங்காலம் செருப்பக் கழட்டுனா உள்ளங்கால்ல ரத்தம். பொத்தான் சதைக்குள்ள போயி உக்காந்திருக்கு. வலி சுத்தமா இல்ல. சுகர் கூடிப் போனா உணர்ச்சி போயிருமாம். நாலு மாசமாச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாரேன், இந்த பெஞ்சுல உக்காருதேன், உள்ள போறேன், கட்டு மாத்திட்டு வாரேன்.

மாத்துதது யாருன்னு நினைக்கீங்க. அங்கதான் விஷயம் இருக்கு.

உள்ள ஒரு நர்ஸ் பிள்ள இருக்கா. பேரு வேண்டாம். நான் அப்பவும் பேரு சொல்லல, இப்பவும் சொல்ல மாட்டேன், அது ஒண்ணுல நான் கண்டிப்பு. முப்பத்தாறு முப்பத்தேழு வயசு இருக்கும். கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. எங்க ஊருதான், கோயிலுக்கு மேற்க மூணாவது வீடு. பன்னெண்டு வருஷமா இந்த ரூம்ல புண்ணு கழுவிக் கட்டுதா. நாத்தம் எடுத்த காலு, புழு வச்ச காலு, எதுக்கும் மூக்கச் சுளிக்க மாட்டா. இன்னையோட வேலைய விட்டுட்டுப் போறா. மதுரைப் பக்கம் எங்கயோ வேற ஆஸ்பத்திரி. அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லணும். நாலு மாசமா சொல்லணும் சொல்லணும்னு இருந்து, இன்னைக்கு விட்டா இனிமே இல்லன்னு ஆயிட்டு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால நடந்தது. அவ அம்மைக்கு மார்புல கட்டி. தங்கபுஷ்பம் அக்கான்னா எங்க ஊர்ல தெரியாத ஆளு கிடையாது, கோயில் சமையல்னா அவதான் முன்ன நிப்பா. கட்டி முத்திப் போயி, உடைஞ்சு, புண்ணாயி, டாக்டர்மார் கைய விரிச்சிட்டாவ. வீட்லயே வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாவ. மகதான் பாத்தா. காலம்பற அம்மையக் குளிப்பாட்டிக் கட்டு மாத்தி, கஞ்சி குடுத்துட்டு, இங்க வந்து ஊரு புண்ண எல்லாம் கட்டிட்டு, திரும்பிப் போயி அம்மைக்கு மறுபடியும் கட்டு மாத்துவா. பதினோரு மாசம்.

எனக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை இந்த ஆஸ்பத்திரில ஊழியம். ஊழியம்னா, ஒவ்வொரு கட்டிலா போயி உக்காந்து, என்ன ஏதுன்னு விசாரிச்சு, ஜெபம் பண்ணிட்டு வாரது. சும்மா சொல்லக் கூடாது, அதுல எனக்கு ஒரு கை உண்டு. கட்டில் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்தேன்னா, யாரும் மனசு விட்டுப் பேசிருவாவ. அன்னைக்கு, இந்த வராந்தா முடியுத இடத்துல கத்தரிக்கோல் கொதிக்க வைக்கிற ரூம் இருக்குல்ல, அங்க அவ தனியா நின்னு அழுதுக்கிட்டிருந்தா. நான் போயி, என்னம்மான்னேன்.

சொன்னா. "ஐயா, இன்னைக்குக் காலையில முழங்கால்ல நின்னு, அம்மாவ எடுத்துக்கிடும் ஆண்டவரேன்னு கேட்டுட்டேன். ராத்திரியெல்லாம் முனகுதாங்க. என்னால கேக்க முடியல. வாய் தானா கேட்டுட்டு. நான் கேட்டது பாவமா ஐயா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "பாவம் இல்லம்மா. நீ களைச்சிருக்க. ஆண்டவருக்கு உன் மனசு தெரியும்"னேன். தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனேன். சின்ன ஜெபம்தான். முடிச்சதும் அவ கண்ணத் துடைச்சிக்கிட்டு, "இப்பதான் ஐயா மூச்சு வந்த மாதிரி இருக்கு"ன்னு சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா வேற. மாசக்கணக்கா அந்தப் பிள்ள சிரிச்சத நான் பாக்கல.

வியாழக்கிழமை நான் நல்லாத்தான் இருந்தேன் அண்ணாச்சி. அத நீங்க குறிச்சுக்கிடணும்.

சனிக்கிழமைதான் கோளாறு. ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துக்கு இரக்கம்னு தலைப்பு. எங்க பிரசங்கத்துக்கு ஒரு முறை உண்டு, மூணு குறிப்பு இருக்கணும். முதலாவது, இரண்டாவது, மூணாவதுன்னு சொன்னாத்தான் சனங்களுக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் ஞாபகம் நிக்கும். எனக்கு மூணும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கணும். அது என் பழக்கம், சுத்துப்பட்டுல அதுக்கே எனக்குப் பேரு. முதலாவது, இரக்கம் காணும். இரண்டாவது, இரக்கம் கிட்ட வரும். நல்லா இருக்குல்ல? மூணாவது, இரக்கம் களைக்காது. மூணும் ககரம். குறிப்பு கிடைச்சிட்டு. ஆனா மூணாவதுக்கு உதாரணம் கிடைக்கல. உதாரணம் இல்லாத குறிப்பு உப்பில்லாத கஞ்சி, சனம் தூங்கிரும்.

சாயங்காலம் டீயக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு வரி வந்து விழுந்துது. சொல்லட்டுமா? "ஊராருக்கு மருந்து, பெத்தவளுக்கு மரணம்." மருந்து, மரணம். பாத்தியளா, எப்படி வந்து சேருது. நான் தேடல அண்ணாச்சி, தானா வந்துது. வந்தத விட மனசு வரல. நோட்டுல எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆனா ஒண்ணு கேளுங்க. அதுக்குக் கீழ நான் இன்னும் அஞ்சாறு வரி எழுதியிருந்தேன். அந்த மகளக் குத்தம் சொல்லாதீங்க, அவ களைச்சுப் போனா, ஏன் களைச்சா, நாம யாராவது ஒரு நாள் போயி அந்த அம்மைக்கு ஒரு டம்ளர் கஞ்சி குடுத்தமா, ஒரு நாள் அந்தப் பிள்ளையத் தூங்க விட்டமா, அப்படின்னு. அதுதான் பிரசங்கமே. மத்ததெல்லாம் அதுக்கு முன்னால வார பந்தல். நோட்டு இப்பவும் வீட்ல இருக்கு, வேணும்னா காட்டுவேன்.

ஞாயித்துக்கிழமை மேடையில நின்னு சொல்லுதேன். "ஒரு மகள். ஊராரின் புண்ணுக்கெல்லாம் மருந்து போடுகிற மகள். அவள் தன் சொந்தத் தாய்க்காக முழங்கால் போட்டு என்ன கேட்டாள் தெரியுமா?" அப்படின்னு நிறுத்துனேன். "ஊராருக்கு மருந்து. பெத்தவளுக்கு மரணம்"னேன். பெண்கள் பக்கத்துல இருந்து ஒரு ச்சூ வந்துது. நாப்பது பேரு ஒண்ணா ச்சூ கொட்டுனா எப்படி இருக்கும். அந்தச் சத்தத்த நீங்க கேட்டதில்ல அண்ணாச்சி. பிரசங்கம் பண்ணுதவனுக்குத்தான் அதோட ருசி தெரியும். நான் அதே வரிய மறுபடியும் சொன்னேன். மறுபடியும் ச்சூ. மூணாந் தரமும் சொன்னேன். அதுக்குள்ள நேரம் ஆயிட்டு, மணி அடிக்கிற கோயில்பிள்ளை கடியாரத்தக் காட்டுதாரு, கீழ இருந்த அஞ்சாறு வரிய விட்டுட்டு ஜெபம் பண்ணி முடிச்சிட்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன்.

பேரு சொல்லல. அத நான் யாருக்கு முன்னாலயும் சொல்லுவேன். பேரு மட்டும் சொல்லல.

எங்க சபையில ஆஸ்பத்திரில கட்டு கட்டுத பிள்ள ஒருத்திதான். அது எனக்கு அந்த நேரத்துல தோணல. சத்தியமாத் தோணல. வாசல்ல நின்னு எல்லாரும் கையப் பிடிச்சாவ. உபதேசியாரே, இன்னைக்கு உள்ளத்தத் தொட்டுட்டியன்னாவ. ஒருத்தி மெதுவா, "மேற்கு வீட்டுப் பிள்ளதானே?"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னும் சொல்லல. அப்பதான் நிமிந்து கோபுரத்தப் பாத்தேன்.

கோபுரத்துல என்ன இருந்துதுன்னு கேளுங்க. குழாய் ஸ்பீக்கர். நடக்க ஏலாத சனங்க, வர முடியாதவுக, கிழடு கட்டைங்க வீட்டுல இருந்தே ஆராதனை கேக்கட்டும்னு நான்தான் கமிட்டில சண்டை போட்டு வாங்க வச்சேன். தங்கபுஷ்பம் அக்கா படுக்கையில விழுந்த பொறவு, அவ கேக்கணும்னு நானே ஆளு ஏத்தி, ஒரு குழாய மேற்க திருப்பி வச்சேன். நேரா அந்த வீட்டு ஜன்னலப் பாத்து. ஒரு எழுத்து விடாம தெளிவாக் கேக்கு உபதேசியாரேன்னு அந்த அம்மையே ஒரு நாள் என்கிட்டச் சொல்லியிருக்கா.

தண்ணி இருக்கா அண்ணாச்சி உங்ககிட்ட? ஒரு மடக்கு. நல்லா இருப்பிய.

அவுக எதிர்வீட்டுச் செல்லக்கனி சொல்லித்தான் மத்தது எனக்குத் தெரியும். மக ஈரத்துணிய வச்சு அம்மை முதுகத் துடைச்சுக்கிட்டு இருந்தாளாம். குழாயில என் குரலு வருது. ஊராருக்கு மருந்துன்னதும் துணி அப்படியே நின்னுட்டாம். மூணு தடவையும் ரெண்டு பேரும் கேட்டிருக்காவ. அம்மை, "அந்தப் பிள்ள யாரு மக்களே?"ன்னு கேட்டாளாம். மக வாயே திறக்கலயாம். அம்மைக்கு விளங்கிட்டு. அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து கஞ்சிக்கு வாயத் திறக்கல. பாரமா இருக்க வேண்டாம்னு நினைச்சிருப்பா. ஒம்பது நாளு. ஒம்பதாம் நாளு போயிட்டா.

டாக்டர்கிட்ட நான் தனியாப் போயிக் கேட்டேன். நோவு முத்துனதுதான், வேற ஒண்ணும் இல்லன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவரு.

அடக்க ஆராதனைக்கு குருவானவர் வரத் தாமசமாயிட்டு, நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். அந்தப் பிள்ள தலைமாட்டுல நிக்கா. கூட்டத்துல ஒருத்தி பக்கத்துல இருக்கவகிட்ட, "ஜெபம் கேக்கப்பட்டுட்டு"ன்னு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா எனக்கே கேட்டுதுன்னா எமீமாளுக்குக் கேக்காம இருக்குமா? அதுல இருந்து அவ எங்க கோயிலுக்கு வாரதில்ல. பஸ் பிடிச்சு டவுண் கோயிலுக்குப் போறா. மேற்க திரும்பியிருந்த குழாய நான் மறுபடியும் ஆளு ஏத்திக் கிழக்க திருப்பிட்டேன்.

என்ன பாக்கீங்க? பேரு வந்திட்டோ? சரி, போகுது. நீங்க வெளியூரு. உங்களோட இருக்கட்டும்.

இந்தக் காலோட முதல் நாள் இங்க வந்தேன் பாருங்க, திரைய விலக்கிட்டுப் பாத்தா அவ. எனக்குத் திரும்பிப் போயிரலாம்னு இருந்துது. "வாங்க ஐயா"ன்னா. கால எடுத்து மடியில ஒரு துணியப் போட்டு அதுமேல வச்சா. அந்தப் பொத்தான இடுக்கியால எடுத்து ஒரு பேப்பர்ல வச்சுக் காட்டுனா. "வலிக்கா ஐயா?"ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். அதுல இருந்து ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. வலிக்கா ஐயா. இல்லம்மா. நாலு மாசத்துல எங்களுக்குள்ள அவ்வளவுதான் பேச்சு. அவ கழுவும்போது நான் சுவத்துல இருக்கிற காலண்டரப் பாத்துக்கிட்டே இருப்பேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். முகத்துல துப்பியிருந்தாக்கூடத் துடைச்சிட்டு வந்திருப்பேன். அவ பஞ்ச எடுத்து, ஊதி ஊதித் துடைக்கா.

வெளிய வந்து இந்த பெஞ்சுல உக்காந்தா மனசு கிடந்து அடிச்சுக்கிடும். யார்கிட்டயாவது கொட்டுனாத்தான் ஆறும். ஒரு லாரி டிரைவர்கிட்ட ஒரு தடவை சொன்னேன். பொறவு களக்காட்டுல இருந்து வந்த ஒரு அம்மாகிட்ட, அந்த அம்மா அழுதுட்டாவ. போன வாரம் ஒரு வாத்தியார்கிட்ட. அதெல்லாம் மேலோட்டமாச் சொன்னது. உங்ககிட்டதான் முழுசாச் சொல்லுதேன்.

இன்னைக்கு அவகிட்டச் சொல்லப் போறதத் தயார் பண்ணி வச்சிருக்கேன். நேத்து பூரா உக்காந்து யோசிச்சேன். முதலாவது, நான் செய்தது. இரண்டாவது, நான் செய்யாம விட்டது. மூணாவது குறிப்பு இன்னும் வரல. உள்ள போறதுக்குள்ள வந்திரும், எனக்கு எப்பவும் கடைசியிலதான் வரும்.

இந்தா வாராவ எட்டு, ஒம்பது. அந்த அம்மா பத்து. ஏன் அந்த அம்மா என்னை இப்படிப் பாத்துட்டுப் போகுது? எனக்குத் தெரிஞ்ச முகம் இல்லையே.

பதினொண்ணு. கூப்பிட்டுட்டா. இந்தப் பைய மட்டும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்காக ஒரு நிமிஷம் உங்க சாமிய நினைச்சுக்கிடுங்க.

*

பை எங்க? ஆ, இருக்கு. நீங்க இன்னும் உள்ள போகலையா. ஆமா, கத்தரிக்கோல் கொதிக்க வச்சிருக்கா, அஞ்சு நிமிஷம் ஆகும்னா. நான் ஆட்டோக்காரனுக்குக் காத்திருக்கேன்.

கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட.

உள்ள போயி ஸ்டூல்ல கால வச்சேன். கட்டப் பிரிச்சா. நான் தொண்டையச் செருமிக்கிட்டு, "அம்மா, உன்கிட்ட ஒரு விஷயம். முதலாவது"ன்னேன். அவ நிமிந்து பாக்கல. "கேட்டுது ஐயா"ன்னா.

"என்னம்மா கேட்டுது?"

"எல்லாம் கேட்டுது. திரைதானே ஐயா. நாலு மாசமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். உள்ள இருக்கவங்களும் கேக்காங்க."

அவ பஞ்ச நனைச்சுக்கிட்டே சொல்லுதா. கோவமே இல்ல குரல்ல. "நீங்க சொல்லச் சொல்லக் கூடிக்கிட்டே போகுது ஐயா. அந்த லாரிக்காரர்கிட்ட நாலு நாள்னு சொன்னீங்க. வாத்தியார்கிட்ட ஏழு நாள். இன்னைக்கு ஒம்பது நாளாயிட்டு. எங்க அம்மா பட்டினி கிடந்து சாகல. கடைசி நாள் வரைக்கும் கஞ்சி குடிச்சாங்க. என் கையாலதான் குடிச்சாங்க."

"செல்லக்கனி சொன்னாளேம்மா"ன்னேன்.

"அவ எங்க வீட்டு நடை ஏறவே இல்ல ஐயா. நாத்தம்னு ஜன்னல அடைச்சிக்கிட்டவ."

மறைக்காமச் சொல்லுதேன் அண்ணாச்சி, அதக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துது. கொலைப்பழி தலைய விட்டு இறங்குனா இருக்காதா. அடுத்த நிமிஷம் அவ கையப் பாத்தேன். என் புண்ணச் சுத்தித் துடைச்சுக்கிட்டு இருக்கு. சீன்னு ஆயிட்டு. நான் இங்க எதுக்கு வந்தேன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது. அவளுக்காக வரல. எனக்குப் பாரம் இறங்கணும்னு வந்திருக்கேன்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கா? கேட்டேன். "அன்னைக்குக் குழாயில கேட்ட பொறவு அம்மை உன்கிட்ட என்னம்மா சொன்னாவ?"

கை நின்னுது. அப்பத்தான் நிமிந்து பாத்தா. "சொன்னாங்க ஐயா. அது எனக்குச் சொன்னது. உங்ககிட்டச் சொன்னா நாளைக்கு வெளிய பெஞ்சுல இருக்கும்."

மருந்து வைக்கும்போது வழக்கம்போலக் கேட்டா. "வலிக்கா ஐயா?" நாலு மாசமா இல்லம்மா இல்லம்மான்னு சொன்ன வாயி, இன்னைக்கு, "வலிக்கும்மா"ன்னு சொல்லிட்டு. நான் மனசச் சொன்னேன். மேடையில சொல்லுத மாதிரி, ஒரு அர்த்தத்துல சொன்னேன். அவ சட்டுன்னு மருந்தக் கீழ வச்சிட்டா. "எங்க ஐயா? எந்த இடத்துல?"ன்னு முகம் மலந்து கேக்கா. உணர்ச்சி திரும்பி வருதுன்னு நினைச்சிட்டா, சந்தோஷம் அவளுக்கு. ஊசியோட மொட்டை முனைய வச்சுப் புண்ணச் சுத்தி ஒவ்வொரு இடமாத் தொடுதா. இங்கயா? இங்கயா ஐயா? விரல் இடுக்குல, குதிகால்ல, அங்குலம் அங்குலமா. குனிஞ்சு குனிஞ்சு தேடுதா. எனக்கு ஒரு இடத்துலயும் ஒண்ணும் தெரியல. பத்து நிமிஷம் தேடியிருப்பா. வெளிய நீங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்கீங்க, இந்தப் பொய்க்காரனோட காலுல அவ வலியத் தேடிக்கிட்டு இருக்கா.

"கால்ல இல்லம்மா. நான் சும்மா ஒரு இதுல சொன்னேன்"னேன்.

அவ முகம் எப்படி விழுந்துதுங்கிறத நான் சொல்ல மாட்டேன்.

பொறவு, "மன்னிச்சிரும்மா"ன்னேன். முதலாவது இல்ல, இரண்டாவது இல்ல. அந்த ஒரு வார்த்தைதான். அவ மன்னிச்சேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. கட்ட முடிச்சுப் போட்டுட்டு, இறுக்கமா இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டா. திங்கக்கிழமையில இருந்து வார பிள்ளைக்கு எழுதி வச்சிருக்கேன், இவருக்கு வலி தெரியாது, அதனால பாத்துப் பாத்துத் துடைக்கணும்னு எழுதியிருக்கேன்னு சொன்னா. நான் எந்திரிச்சுத் திரைகிட்ட வரும்போது பின்னால இருந்து, "ஐயா"ன்னு கூப்பிட்டா.

"சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க ஐயா. எங்க அம்மாவ இதோட விட்டிருங்க."

சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். வந்து உக்காந்து, உங்ககிட்ட இப்ப என்ன செய்துக்கிட்டு இருக்கேன் பாத்தியளா. அவ சொன்னத எல்லாம் சொல்லி முடிச்சிட்டேன். மெதுவாச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்னெண்டு கூப்பிடுதா. போங்க அண்ணாச்சி. உள்ள போனா அந்தப் பிள்ளையப் பரிதாபமாப் பாக்காதீங்க. அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. எண்ணெய் பட்டது எப்படின்னு மட்டும் சொல்லுங்க, அவ பாத்துக்கிடுவா.

...

வாங்கம்மா, உக்காருங்க. அந்த முனையில வேண்டாம், பெஞ்சு ஆடும். எனக்கா? எனக்குக் கட்டு மாத்தியாச்சு. ஆட்டோ வரணும்.

இதுவா? புண்ணும்மா. சும்மா, புண்ணுதான்.

உங்களுக்கு என்ன? சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்கம்மா. திரைதான், உள்ள கேக்கும்.